பீரோ கண்ணாடியில் தெரிந்த முழங்கை

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவில் மூன்று இரும்பு அலமாரிகள் உண்டு. ஒன்றில் காது, ஒன்றில் தைராய்டு, ஒன்றில் பல். அந்தக் கோப்புகளுக்குள் இருக்கும் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். என் கழுத்தில் தொங்கும் அட்டையில் 'ஒருங்கிணைப்பாளர்' என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் நான் செய்வதென்னவோ போன் பண்ணுவதுதான். நாளைக்கு வெறும் வயிற்றோடு வாருங்கள், பல் செட்டை மறக்காமல் எடுத்து வாருங்கள், காதில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு வராதீர்கள். இதையே தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக் காலம் தள்ளுகிறேன்.

மற்ற ஒருங்கிணைப்பாளர்கள் ஆராய்ச்சிக்கு ஆள் கிடைக்காமல் அலைவார்கள். எனக்கு அந்தக் கவலையே இல்லை. மூன்று அலமாரிக்கும் வேண்டியதை என் அப்பாவும் அம்மாவும் இரண்டே பேராகப் பங்கிட்டு வைத்திருந்தார்கள். காதும் பல்லும் அப்பாவுக்கு, தைராய்டு அம்மாவுக்கு. காலையில் ஊரிகம் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூரில் போய் நான் படிக்கிற கோப்பெல்லாம், கிளம்பும்போதே சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் லைன் வீட்டில் லுங்கியும் நைட்டியுமாக உலவிக்கொண்டிருக்கும்.

அப்பா தங்கச் சுரங்கத்தில் டிரில் மிஷின் பிடித்தவர். பாறையைத் துளைக்கிற அந்த மிஷினோடு ஷிப்ட் ஷிப்டாக நின்றவர்களுக்குக் காது மிச்சமிருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் தன் காதில் குறை இருப்பதாக அப்பா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "எனக்கு இன்னா கேக்கல? நீங்கதான் வாய்க்குள்ளயே பேசறீங்க" என்பார். வேடிக்கை என்னவென்றால், எதிரில் உட்கார்ந்து பேசினால் அவரிடமிருந்து டக் டக்கென்று பதில் வரும். முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டால் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். இதற்கு அம்மா ஒரு விளக்கம் வைத்திருந்தாள்.

"வேணும்னா கேக்கும், வேணான்னா கேக்காது. கல்யாணமான நாள்லருந்து இதே நடிப்புதான்."

அப்பாவுக்கு மீசைக்காரர்களையும் பிடிக்காது. எனக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில் ஒரு குடும்பம் வந்தது. பையனின் தகப்பனாருக்கு உதட்டை மூடுகிற அளவு அடர்த்தியான மீசை. "பொண்ணு நல்லா சமைக்குமா?" என்று அவர் கேட்டார். அப்பா புன்னகையோடு இல்லை என்று தலையாட்டினார். "வீட்டு வேலையாவது செய்யுமா?" அதற்கும் அதே புன்னகை, அதே தலையாட்டல். வந்தவர்கள் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். மகளை அனுப்ப மனமில்லாமல் அப்பா வேண்டுமென்றே செய்தார் என்று பல வருடம் நான் உருகிக்கொண்டிருந்தேன். அந்த உருக்கத்திற்குப் பிற்பாடு என்ன கதி நேர்ந்தது என்று சொல்கிறேன்.

அம்மாவுக்கு நேர்மாறான பிரச்சினை. அவள் பேசினால் லைனில் எல்லோருக்கும் கேட்கும். எங்கள் சர்ச்சின் பாடகர் குழுவில் முன்வரிசை அவளுடையது. மைக் கெட்டுப்போகிற ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பாட்டு நன்றாக இருக்கிறது என்று போதகரே சொல்லியிருக்கிறார். அடுப்பைப் பார்த்து நின்றபடி, முதுகைக் காட்டிக்கொண்டு அவள் போடுகிற சத்தம் மட்டும் அப்பாவின் காதுக்குள் போய்விடும். அப்பா முன்னறையிலிருந்து பதில் கத்துவார். இப்படிக் காலை காப்பியில் தொடங்கி மத்தியானக் களி வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சண்டை போட்டுக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் ரேடியோ வாங்காததற்கு இதுதான் காரணம் என்று நான் கேலி செய்வேன்.

அம்மாவின் கழுத்தில் தைராய்டு கட்டி வளர்ந்தது. ஆபரேஷன் செய்தாக வேண்டும், குரலுக்குப் போகிற நரம்பு கட்டியை ஒட்டிக்கொண்டிருப்பதால் குரல் இறங்கிப்போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார். மாஸ்க் போட்டுக்கொண்டு, நிறுத்தி நிதானமாக, எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார். அப்பா பெரிய மனிதராக எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கட்டி நல்லபடியாக வந்துவிட்டது. குரல் போய்விட்டது. அடியோடு போகவில்லை. சைக்கிள் டியூபில் கடைசியாக வெளியேறுகிற காற்று மாதிரி கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

அம்மா அசரவில்லை. தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அதன்பின் ஒரு மணி நேரத்திற்குக் காப்பி கூடாது என்றார்கள். தனக்கில்லாத காப்பி யாருக்கும் இல்லை என்று அந்த ஒரு மணி நேரம் வீட்டில் அடுப்பே பற்றாமல் பார்த்துக்கொண்டாள். லைனில் கேட்டவர்களிடம் தொண்டைக் கட்டு என்று சைகை காட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுப் புத்தகத்தோடு அதே முன்வரிசையில் நின்று வாயை முழுசாகத் திறந்து மூடினாள். சத்தம் வராது. பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரியும், ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த இடத்தை அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று அவர்களுக்கும் தெரியும்.

வீட்டில்தான் அவள் தோற்றுப்போனாள். வழக்கம்போல அடுப்பைப் பார்த்து நின்றபடி ஏதாவது சொல்வாள். முன்னறையிலிருந்து பதில் வராது. இன்னொரு தரம் சொல்வாள். அதற்கும் வராது. எட்டிப் பார்த்தால் அப்பா நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள். அந்த மெல்லிய குரலில் அதைக் கேட்க நான் கிட்டே போய்க் குனிய வேண்டியிருந்தது.

"எம் பூனக் கொரலு அவருக்குப் புடிக்கல பாப்பா. அதான் கேக்காத மாதிரியே இருக்காரு."

அன்றிலிருந்து அவள் அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு டம்ளரால் தரையில் ஒரு தட்டு தட்டுவாள், அவ்வளவுதான். தரை அதிர்வது அப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிடும், திரும்பிப் பார்ப்பார். இரண்டு மாதம் இப்படியே போனது. எதை எடுத்தாலும் சிரித்துவிட்டுப் போகிறவள் நான். இதைப் பார்த்து மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சண்டை இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பாவைக் கூப்பிட்டு, அம்மா மனசு நொந்து போயிருக்கிறாள், போய்ப் பேசுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லலாம்தான். ஆனால் அப்பாவிடம் ஒன்றைச் சொல்வதென்றால் கத்திச் சொல்வதுதான் எங்கள் வீட்டுப் பழக்கம். லைன் வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் கத்தினால் அந்தப் பக்கத்து வீட்டில் பதில் சொல்வார்கள். ஒருமுறை நான் தொண்டையைச் செருமினேன், அம்மா ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள்.

"எனக்குக் கொரலு போனத நீ லைனுக்கே தண்டோரா போடாத."

இந்தச் சமயத்தில்தான் எங்கள் அலுவலகத்தில் காது அலமாரிக்குப் புதிதாக ஓர் ஆராய்ச்சி வந்தது. வருடக்கணக்காகப் பெரும் சத்தத்தில் வேலை செய்து காது போனவர்களுக்குக் கேட்கும் கருவி பொருத்தி, அவர்களின் பேச்சும் ஞாபகமும் வீட்டு வாழ்க்கையும் எப்படி மாறுகின்றன என்று தொடர்ந்து கவனிக்கிற ஆராய்ச்சி. பரிசோதனையில் காது மோசம் என்று தெரிந்தவர்களுக்கு இரண்டு காதுக்கும் கருவி உண்டு. காது நன்றாக இருப்பவர்களுக்கு ஒரு டீயும் பன்னும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆராய்ச்சியை நடத்தும் மேடம் கூட்டிய கூட்டத்தில் நான் கையைத் தூக்கினேன்.

"எங்க ஊருக்கு வாங்க மேடம். காது கேக்காதவங்க க்யூவுல நிப்பாங்க" என்றேன். என் அப்பாவும் அந்தக் க்யூவில் இருப்பார், அதனால் அவருடைய கோப்பை நான் தொட மாட்டேன், வேறு யாராவது பார்க்கட்டும் என்பதையும் சொல்லிவிட்டேன். என் நேர்மையை மேடம் பாராட்டினார்.

முகாம் ஒரு சனிக்கிழமை, எங்கள் சர்ச்சை ஒட்டிய பழைய பள்ளிக்கூடத்தில் நடந்தது. சத்தம் புகாமல் இருக்க ஒரு வகுப்பறையின் ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டோம். காதுப் பரிசோதனை செய்ய தார்வாட் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். படித்து முடித்த வேகமும் பெரிதாக எதையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற ஆசையும் முகத்தில் அப்படியே தெரிகிற வயது. பரிசோதிக்கப்படுகிறவர் அவளுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். ஹெட்போனில் கீச்சென்று சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். அவள் மிஷினில் ஒரு விசையை அழுத்தி அந்தச் சத்தத்தை அனுப்புவாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சுவரை ஒட்டி, பள்ளிக்கூடம் போட்டிகளில் ஜெயித்த கோப்பைகள் அடுக்கிய ஒரு கண்ணாடி பீரோ நின்றதை மட்டும் நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை.

வாசலில் ரிட்டையரான சுரங்கக்காரர்கள் சலவைச் சட்டையோடு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் முகத்திலும் ஒரே கலவரம். காது பார்ப்பதற்கு இவ்வளவு பயமா என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. முதலில் உள்ளே போனவர் வெளியே வந்ததும் அடுத்தவரின் காதருகே குனிந்து ரகசியம் சொன்னார். ரகசியம் என்று அவர் நினைத்துக்கொண்டார். காம்பவுண்டுக்கு வெளியே ஆட்டோவில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எதுர பீரோ கீது பாரு, கண்ணாடில அந்தப் பொண்ணு முழங்கை தெரியும். ஆடுனா அமுக்கு."

"இன்னாது?"

"முழங்கை! ஆடுனா! அமுக்கு!"

கம்பளி மாட்டிய அறைக்குள் இருந்த பெண்ணுக்கு மட்டும் இது கேட்கவில்லை. நான் படிவம் நிரப்புவதில் மும்முரமாக இருந்தேன். பழைய சிநேகிதர்கள் ஏதோ கிண்டல் பேசுகிறார்கள் என்று விட்டுவிட்டேன். இந்தச் செய்தி பெஞ்சின் கடைசி வரை ஒவ்வொருவராகக் கத்திக் கத்தியே போய்ச் சேர்ந்தது.

மத்தியானம் அந்தப் பெண் வெளியே வந்தாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது. என்னைத் தனியாக மரத்தடிக்குக் கூட்டிப்போய்க் கன்னடத்தில் கேட்டாள், இந்த ஊரில் குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

"பேத்தமங்களா ஏரித் தண்ணி. ஏன் கேக்கற?"

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். டிரில் மிஷின் பிடித்தவர்கள், பாறைக்கு வெடி வைத்தவர்கள், ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் வாலிபப் பையனின் காது இருக்கிறது, இப்படி ஒன்றை உலகத்தில் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள், உடனே மேடத்துக்குப் போன் பண்ண வேண்டும் என்றாள். நான் மேடத்திடம் சொல்லி வைத்த க்யூ என் கண் முன்னால் டீ குடித்து பன் தின்றுகொண்டிருந்தது. அங்கிருந்தபடியே ஒருவருக்கொருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டும் இருந்தது.

அப்போது, கடைசி ஆளாகப் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்த அப்பா உள்ளேயிருந்து வெளியே வந்தார். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு எல்லோருக்கும் கை கொடுத்தார்.

"பாஸ்! ஒண்ணுகூட உடல!"

"அப்பா, நெஜமாவே கேட்டுச்சா?" என்று கேட்டேன்.

"எங்க கேட்டுச்சு? முழங்கை ஆடுச்சு, அமுக்கினேன்." குரலில் அவ்வளவு பெருமை. பிறகு, ஒன்றும் தெரியாத பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் விளக்கினார். "மைன்ஸ்ல மெடிக்கல் எடுப்பாங்க பாப்பா. காது ஃபெயிலாச்சுன்னா மேல வேலைக்கு அனுப்பிடுவாங்க, அப்புறம் கூட்டாளிங்களோட கேஜ் லிப்ட்ல கீழ எறங்க முடியாது. டாக்டர் பின்னால நின்னுகினு மெதுவா ஒரு வார்த்த சொல்லுவாரு. நம்ம ஆளு ஒருத்தன் வாசப்படில நின்னுகினு அதையே வாயசைப்பான். நான் அவன் வாயப் பாத்துத் திருப்பிச் சொல்லிடுவேன். சர்வீஸ்ல ஒருவாட்டிகூட ஃபெயிலானதில்ல."

"வாயப் பாத்தா?"

"பின்ன? கீழ மிஷின் ஓடறப்ப எவனுக்கு இன்னா கேக்கும்? வாயப் பாத்துதான் பேசிக்குவோம்."

எதிரில் இருந்தால் மட்டும் வந்த பதில், முதுகுக்குப் பின்னால் வராத பதில், எல்லாம் இதுதான். கொரோனாவில் ஊரே மாஸ்க் போட்டபோது அப்பா பயந்துபோய் வாயடைத்துக் கிடக்கிறார் என்று நினைத்தோமே, அதுவும் இதுதான். மாப்பிள்ளையின் தகப்பனாருக்குச் சிரித்துக்கொண்டே இல்லை இல்லை என்று தலையாட்டியது மகள் பாசத்தில் அல்ல. அந்த ஆளின் மீசை உதட்டை மறைத்துவிட்டது, என்ன கேட்டார் என்றே அப்பாவுக்குத் தெரியவில்லை. என் கல்யாணத்தைக் கெடுத்தது ஒரு மீசை.

"இது வேலைக்கு எடுக்கற மெடிக்கல் இல்லப்பா. இதுல ஃபெயிலானாத்தான் மிஷின் குடுப்பாங்க" என்றேன்.

"ஃபெயிலாவறதா? நானா?" என்றார் அப்பா.

போய்ச் சொல்வதா வேண்டாமா என்று நான் யோசிக்கவே இல்லை என்றால் அது பொய். அத்தனை பெரியவர்களையும் ஒரு சின்னப் பெண்ணிடம் காட்டிக்கொடுக்க வேண்டும், அதிலும் என் அப்பாவை முதலில். ஆனால் தரையில் தட்டுகிற டம்ளர் ஞாபகம் வந்தது. அந்தப் பெண் போனைக் காதில் வைப்பதற்குள் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. என்னை வகுப்பறையில் உட்கார வைத்து, தான் மிஷின் முன்னால் உட்கார்ந்து கையை ஆட்டி, கண்ணாடியில் தெரிகிறதா என்று கேட்டாள். முழங்கை தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது. பிறகு அவள் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தாள். சிரித்து முடித்ததும் நோட்டை எடுத்து, பேத்தமங்களா தண்ணீரை அடித்துவிட்டாள்.

பீரோவின் மேல் பெட்ஷீட் போர்த்தி, சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் மறுபடி உட்கார வைத்தாள். இந்தத் தடவை கூண்டோடு ஃபெயில். அப்பா அப்போதும் விடவில்லை. கஞ்சிரா வாசிக்கிற மாதிரி ஒரு தாளத்தில் அமுக்கிப் பார்த்திருக்கிறார். வெளியே வந்து என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"காட்டிக் குடுத்துட்டியே பாப்பா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

ஆகவே எங்கள் வீட்டில் அம்மா அப்பாவோடு பேசுவதில்லை, அப்பா என்னோடு பேசுவதில்லை. நான் அம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் நடிக்கவில்லையம்மா, இத்தனை வருடமும் நம் வாயைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறார் என்றேன். அம்மா காய் நறுக்குவதை நிறுத்தாமல் ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் சமையக்கட்டுலருந்து பேசனதுக்கெல்லாம் அங்கருந்து பதில் சொன்னாரே, அப்ப என் வாயா தெரிஞ்சுது?"

அப்போது உனக்குக் குரல் இருந்ததம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கறிவேப்பிலையை உருவிக்கொண்டு அங்கிருந்து நழுவினேன்.

கருவி பொருத்துகிற சனிக்கிழமை வந்தது. கூட்டாளிகள் எல்லோரும் போகிறார்கள் என்பதால் அப்பாவும் போனார். மொச்சைக் கொட்டை அளவில் இரண்டு மிஷின், காதுக்குப் பின்னால் ஒன்று ஒன்று. அதோடு ஒரு நோட்டும் கொடுத்தார்கள். எத்தனை மணி நேரம் போட்டிருந்தீர்கள், இன்று புதிதாகக் கேட்ட ஒலி என்ன என்று தினமும் அதில் எழுத வேண்டும். வீட்டுக்கு வந்த அப்பா முதலில் கேட்டது தன்னுடைய பல் செட்டின் சத்தத்தை. முறுக்கு கடித்தவர் திடுக்கிட்டு, "இன்னா இது, வாய்க்குள்ள குதர ஓடுது?" என்று பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். குக்கர் விசிலுக்கு எழுந்து நின்றார். பக்கத்து வீட்டு டிவியில் என்ன நாடகம் ஓடுகிறது என்று அவராகவே எனக்குச் சொல்ல வந்து, என்னோடு பேசுவதில்லை என்பது ஞாபகம் வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அம்மா மட்டும் அன்று ஒரு சத்தமும் போடவில்லை. தாளிப்பைக்கூட அடக்கித்தான் வாசித்தாள்.

மறுநாள் ஞாயிறு. மிஷின் புதிது என்பதால் சர்ச்சில் நான் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிரசங்கத்தின் நடுவில் அங்கங்கே கூட்டாளிகளின் காதில் கருவிகள் கீச் கீச்சென்று விசிலடித்தன. போதகர் இரண்டு முறை மைக்கைத் தட்டிப் பார்த்தார். பிறகு பாடகர் குழு எழுந்தது. முன்வரிசையில் அம்மா, கையில் புத்தகம், வாயை வழக்கம்போல முழுசாகத் திறந்து. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவளைப் பார்த்தார். வலது காது மிஷினைத் தொட்டார், பிறகு இடது காது மிஷினைத் தொட்டார். கழற்றி ஊதி மறுபடி மாட்டினார். முதல் சரணம் முடிந்து, அடுத்ததற்கு ஆர்மோனியம் எடுப்பதற்குள் கொஞ்சம் நிசப்தம் வருமே, சரியாக அந்த இடத்தில் என் பக்கம் திரும்பினார். முகாமுக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு, சர்ச் முழுவதும் கேட்டது.

"பாப்பா, மிஷின் ரிப்பேரு. எல்லாரும் பாடறது கேக்குது, உங்கம்மா பாடறது மட்டும் கேக்கல!"

அம்மாவின் வாய் மூடிக்கொண்டது. எனக்குத் தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அப்போதுதான், இத்தனை வருடத்தில் முதல்முறையாக, அப்பாவிடம் கத்தாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசினேன். மிஷின் நல்லாத்தான் இருக்கு அப்பா, அம்மாவுக்குத்தான் குரல் போயிடுச்சு, ஆபரேஷன் பண்ண நாளிலிருந்தே.

அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டாக்டர் நம் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னாரே என்றும் அசைத்தேன்.

"அந்தாளு வாய மூடிகினு இல்ல சொன்னாரு" என்றார். குரலைத் தாழ்த்த முயன்றார், வரவில்லை. "நான் என் காதுதான் சுத்தமா போச்சுன்னு நெனச்சிகினு கீறேன். வாராவாரம் அவ பாடறதப் பாத்துகினுதான் உக்காந்துனு இருந்தேன்."

ஆர்மோனியம் எடுத்தது. எல்லோரும் அடுத்த சரணத்தைப் பாடினார்கள், அம்மாவைத் தவிர. எனக்கு அழுகை வந்தது. அழுதேன், அதில் ஒன்றும் வெட்கமில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராக அடுப்படிக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். சர்ச்சில் மானம் போன கோபம் அந்த முதுகிலேயே தெரிந்தது. அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் பின்னாலேயே போய், அரிசி டப்பாவின் மேல் உட்கார்ந்தார்.

"பேசு" என்றார்.

அவள் வெங்காயம் உரித்தாள்.

"எதனா பேசு. திட்டறதுன்னாகூடத் திட்டு."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பிறகு அம்மா, திரும்பாமலே, அடுப்பைப் பார்த்தபடி, அந்தக் காற்றுப் போன குரலில் கேட்டாள்.

"காலைல குடிச்ச டம்ளர ஜன்னல்ல வச்சிட்டுப் போனது யாரு?"

"நான்தான்" என்றார் அப்பா.

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை நோட்டுகளை வாங்கிப்போக தார்வாட் பெண் வந்தாள். அப்பாவின் கோப்பு அவள் பொறுப்பு. தமிழ் படிக்கத் தெரியாததால் நோட்டை என்னிடம் நீட்டி வாசித்துக் காட்டச் சொன்னாள். புதிதாகக் கேட்ட ஒலி என்ற இடத்தில் முதல் நாள், 'என் பல் செட்டு.' ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக, 'பொஞ்சாதி கொரலு. சின்னதா இருக்குது. நல்லா இருக்குது.'

அதைக் கன்னடத்தில் சொல்லிக் காட்டினேன். அவள் பக்கத்தைத் திருப்பி, வியாழக்கிழமைக்குக் கீழே இருந்த வேறு கையெழுத்தைக் காட்டினாள். பொடிப் பொடியாக, பாட்டுப் புத்தகத்தில் குறிப்பு எழுதுகிற அம்மாவின் கையெழுத்து. அதையும் வாசித்தேன்.

'டம்ளரைப் பற்றி மறுபடியும் சொன்னேன். மிஷின்களைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இது நடிப்பா இல்லையா என்று டாக்டர் எழுதித் தரவும்.'

அவள் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு சிரிக்காமல், அலுவலகக் குறிப்புக்கான கட்டத்தில், கருவி நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.